காடைக்கு உச்சந்தலையில் மட்டும் காயம்

காரைக்குடியில் பழைய வீடு பிரித்த இடத்தில் வாங்கிய மர அலமாரியில் கம்பிவலைக் கதவு போட்டு ஜப்பானியக் காடை வளர்க்கிறேன். தினமும் விடிந்து பார்த்தால் ரெண்டு மூணு காடைக்கு உச்சந்தலைத் தோல் உரிந்து ரத்தம்.

ஒன்றையொன்று கொத்துகிறது என்றார் தீவனக் கடைக்காரர். நெருக்கத்தைக் குறைத்தேன், தீவனத்தில் புரதம் கூட்டினேன், விளக்கை மங்கலாக்கினேன். ம்ஹூம், காயம் நிற்கவில்லை.

கொத்து என்றால் முதுகிலும் வால் பக்கமும்கூடக் காயம் இருக்கலாமே? டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தேன். மேல் பலகையின் அடியில் ரத்தப் பிசுக்கில் பொடி இறகுகள் ஒட்டியிருந்தன. காடை மிரண்டால் செங்குத்தாக எவ்வும். ராத்திரி எலி ஓடுகிற சத்தமே போதும். தட்டின் ஒன்றரை அடி உயரம் வேகம் பிடித்து மோதத் தோதாக இருந்திருக்கிறது.

காடை நிற்கும் தட்டிலிருந்து 10 அங்குல உயரத்தில் கொசுவலையைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டினேன். மீன்வலை வேண்டாம், கண்ணியில் தலை மாட்டிக்கொள்ளும். இப்போது எவ்வினாலும் வேகம் எடுக்குமுன்பே வலை தாங்கிவிடுகிறது. அப்பாடா! காயம் பட்டதுகளைத் தனியே வைத்து மருந்து போட்டேன். புதுக் காயம் எதுவும் இல்லை. முட்டை எடுக்கத்தான் குனிந்து கையை நீட்ட வேண்டியிருக்கிறது.