ஸ்பேனர் வாங்கும்போது வாயைப் பாருங்கள்
வீட்டுக்கு ஸ்பேனர் வாங்குகிறவர்கள் முப்பது நாற்பது சாமான் அடங்கிய மலிவுப் பெட்டியை எடுக்காதீர்கள், அதில் பாதியைத் தொடவே மாட்டீர்கள். குரோம் வெனேடியம் எஃகுதான் நல்லது, ஆனால் மேலே பொறித்திருப்பதை மட்டும் நம்பாமல் கடையிலேயே ஒரு எம்6 போல்ட் கேட்டு வாங்கி (அதன் தலை 10 மி.மீ.) 10 மி.மீ. ஸ்பேனர் வாயில் மாட்டி அசைத்துப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் வேண்டவே வேண்டாம், அந்த ஆட்டம்தான் நட்டின் முனைகளை மழுக்கிவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் அதில் நிற்காது. இறுகிப்போன நட்டுக்கு ரிங் பக்கம்தான் (வளையம் போன்ற முனை) சரி. திறந்த வாய் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், ரிங் சுற்றிலும் பிடிக்கும். பட்ஜெட் குறைவு என்றால் ஒரு முனை ரிங், மறுமுனை திறந்த வாய் என்று வரும் காம்பினேஷன் ஸ்பேனரில் 10, 12, 14 மி.மீ. மூன்றை மட்டும் நல்லதாக வாங்குங்கள், பைக்கில் வீட்டிலேயே செய்கிற வேலைகளில் பெரும்பாலானவை அதிலேயே முடிந்துவிடும்.