தண்ணீருக்கு ஒரு குறி, பாக்கிக்கு ஒரு குறி

சலவைக்காரர் துணியின் ஓரத்தில் மையால் இடும் குறியைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு, அவ்வளவுதான். நூறு வீட்டுத் துணி ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் அவரவர் வேட்டி அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். வாடிக்கையாளர் விவரங்களில் போடும் டேக் என்பதும் அதுதான். எங்கள் கடையில் அதைக் குறி என்றே சொல்கிறோம்.

வேலூர் சத்துவாச்சாரியில், குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உடன் இரண்டு பையன்கள். கணக்கில் 600 வீடுகளுக்கு மேல் உண்டு. முன்பெல்லாம் எல்லாமே என் கைப்பேசியில்தான் இருந்தது: 'ஆர்.ஓ. அம்மா தோட்டப்பாளையம்', 'மாடி வீட்டு சார்', 'மணி சார் 2'. முதல் மணி சார் யாரென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குறி போடலாம் என்று முடிவு செய்தபோது முதல் இரண்டு வாரத்தில் 43 குறிகளை உருவாக்கினேன். 'ஆசிரியர்', 'வங்கி', 'சொந்த வீடு' என்று எதையும் விடவில்லை. ஆசிரியர் வீட்டு இயந்திரத்தில் உப்பை வடிக்கும் சவ்வு, அதாவது மெம்பரேன், மட்டும் வேறு விதமாகவா அடைத்துக்கொள்ளப் போகிறது? அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். நீங்கள் நேராக இரண்டாவது தொடக்கத்துக்கே வந்துவிடுங்கள்.

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, காலையில் கடை திறந்ததும் நீங்கள் கேட்கும் கேள்விகளை எழுதுங்கள். என் தாளில் இருந்தவை: இன்று யார் வீட்டில் ஃபில்டர் மாற்ற வேண்டும்? யார் பணம் தர வேண்டும்? யாருக்கு உதிரி பாகம் வர வேண்டும்? பையன் எந்தப் பக்கம் போகிறான்? கேள்விக்கு விடை தருகிற குறியை வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியே இல்லாத குறி வேண்டாம்.

தொலைபேசி எண், தேதி, தொகை ஆகியவை குறிகள் ஆகாது. அவற்றுக்குக் கணினி அட்டவணையில் தனித்தனிப் பத்தி (மேலிருந்து கீழே ஓடும் கட்ட வரிசை) வேண்டும். 'பாக்கி 450' என்று ஒரு குறி போட்டேன். மறுநாள் 'பாக்கி 300' வந்தது, அடுத்து 'பாக்கி 1200'. ஒவ்வொரு தொகையும் ஒரு குறியாகிவிட்டது. இப்போது குறி 'பணம்-பாக்கி' மட்டும். தொகை பக்கத்துப் பத்தியில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு வாடிக்கையாளர் எண்ணும் கொடுத்துவிடுங்கள். கணவர் ஒரு எண்ணிலிருந்தும் மனைவி ஒரு எண்ணிலிருந்தும் அழைத்தால், ஒரே வீடு இரண்டாகிவிடும்.

என் தொழிலில் எனக்கு அதிகம் உதவுகிற குறி தண்ணீர்க் குறிதான். வேலூரில் ஒரு தெருவில் போர் தண்ணீர், அடுத்த தெருவில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், சில வீடுகளில் இரண்டும் ஒரே தொட்டியில். ஆகவே 'நீர்-போர்', 'நீர்-காவிரி', 'நீர்-கலப்பு' என்று மூன்று. உப்பின் அளவுக்கும் மூன்று. எல்லைகளை நானாக வகுக்கவில்லை. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லையென்றால் 2000 வரை. அதனால் 'உப்பு-500க்குள்', 'உப்பு-2000க்குள்', 'உப்பு-மேல்'. மூன்றாவது குறி உள்ள வீட்டில் மெம்பரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அவர்கள் அழைக்கும் முன்பே நாங்கள் அழைத்துவிடுகிறோம். முதல் குறிக்காரர்கள், இந்த இயந்திரம் எங்களுக்குத் தேவையா என்று கேட்டால் சங்கடம்தான். கேட்டால் உண்மையைச் சொல்கிறேன்.

ஊர்க் குறியில் நான் வகையாக மாட்டிக்கொண்டேன். எல்லாருக்கும் 'மாவட்டம்-வேலூர்' என்று போட்டு வைத்திருந்தேன். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போயிற்று, ஆம்பூர் திருப்பத்தூருக்கு. (என் அப்பா இன்னும் முகவரியில் 'வ.ஆ. மாவட்டம்' என்றே எழுதுகிறார். 1989இல் வட ஆற்காடு பிரிந்ததையே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.) பின்கோட்டின் முதல் மூன்று எண்களை வைத்தும் பிரித்துப் பார்த்தேன். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி 632301. அது எங்கள் வேலூர் எண்களோடு சேர்ந்துகொண்டது. கடைசியில், பையன் வண்டியில் போகும் வழியையே குறியாக்கினேன்: 'வழி-காட்பாடி', 'வழி-ஆற்காடு', 'வழி-ஆம்பூர்'. அரசு எப்படிப் பிரித்தாலும் சாலை அங்கேதான் இருக்கிறது.

எழுத்து விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரு பையன் 'போர்' என்றும் இன்னொருவன் 'போர்வெல்' என்றும் நான் 'ஆழ்குழாய்' என்றும் எழுதினோம்; கணினிக்கு அவை மூன்று வகை. கூகுள் ஷீட் என்ற கணினி அட்டவணையில், டேட்டா வேலிடேஷன் என்ற வசதி வழியாக, தொட்டால் கீழே விரியும் பட்டியல் வைத்துவிட்டால், பட்டியலில் இல்லாததை யாரும் எழுத முடியாதபடி தடுத்துவிடலாம். பழைய தவறுகளைப் பிடிக்க, அட்டவணையில் அந்தப் பத்திக்கு உள்ள ஃபில்டர் வசதியைத் திறந்து பாருங்கள். ஒரே பொருளின் விதவிதமான பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். 'நீர்-', 'பணம்-', 'வழி-' என்ற முன்னொட்டும் இதற்குத்தான்: அகர வரிசையில் இனம் இனத்தோடு சேரும்.

கடை சிறியதென்றால் வாட்ஸ்அப் பிசினஸின் லேபிளே போதும். அதில் 20 லேபிள் வரைதான் வைக்க முடியும். என்னைப் போன்ற ஆளுக்கு அந்த வரம்பு நல்லதே.

இனி, எனக்கு வெட்கம் தந்த ஒன்று. காந்தி நகரில் ஓய்வு பெற்ற ஒருவர் வீடு. பையன் வேலை முடித்து, கையெழுத்துக்காகக் கைப்பேசியை அவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெயருக்குக் கீழே இருந்ததை உரக்கப் படித்தார்: "வம்பு." பையன் வாயைத் திறக்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்து, "உங்கள் முதலாளியை வரச் சொல்" என்றார். போனேன். காபி கொடுத்தார்; அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்று முதல், வாடிக்கையாளர் முன்னால் படிக்க முடியாத குறி எங்களிடம் கிடையாது. சாதி, மதம், வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதும் வேண்டாம். 2023இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தம் விவரத்தைக் காட்டு, திருத்து, அழி என்று கேட்கும் உரிமையை அவர்களுக்கு வகுத்திருக்கிறது.

குறியைப் போடுவது எளிது, எடுப்பதுதான் யாருக்கும் நினைவிருப்பதில்லை. 'உதிரி-காத்திருப்பு' என்ற குறி, உதிரி மாட்டி ஆறு மாதம் ஆன பிறகும் ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் தனித் தாளில் ஒவ்வொரு குறிக்கும் எதிரே அதன் பொருள், போடுபவர், எடுக்கும் நேரம் மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் திங்களன்று அரை மணி நேரம் அதற்கென்றே உட்காருகிறோம். வாடகைக்காரர் தொரப்பாடியிலிருந்து சத்துவாச்சாரிக்கு வீடு மாறினால் இயந்திரம் கூடவே வரும், தண்ணீர் வராது. அப்போது நீர்க் குறியையும் உப்புக் குறியையும் நீக்கிவிட்டு, மறுபடி உப்பு அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே புதிதாகப் போடுகிறோம்.

இப்போது எங்களிடம் 14 குறிகள். போன வாரம் சின்னப் பையன் பதினைந்தாவதாக ஒன்று கேட்டான்: 'வாசல்-நாய்'. இதற்கு என்ன கேள்வி என்றேன். "நேராகக் கதவைத் திறக்கலாமா, வெளியே நின்று போன் செய்ய வேண்டுமா?" என்று கால்சட்டையின் கிழிந்த ஓரத்தைக் காட்டினான். சேர்த்துவிட்டேன்.