டிராயர் அடிப்பலகைக்குக் காடி: ட்ரிம்மரில் ஆட்டம் இல்லாமல் எடுக்க

6 மி.மீ. ப்ளைவுட் என்று கடையில் வாங்கியதை வெர்னியரில் (கனம் அளக்கும் கருவி) பிடித்துப் பாருங்கள், பல சமயம் 5.5 பக்கம்தான் நிற்கும். இதைப் பார்க்காமல் என் முதல் டிராயருக்குக் ட்ரிம்மரில் (மரத்தில் பள்ளம் எடுக்கும் சின்னக் கை மெஷின்) கால் அங்குல பிட், அதாவது 6.35 மி.மீ. அகலமுள்ள சுழலும் வெட்டுமுனை, போட்டுக் காடி (அடிப்பலகை செருகும் நீளப் பள்ளம்) எடுத்துவிட்டேன். அடிப்பலகை உள்ளே போனது, ஆனால் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் கடகடவென்று ஆடியது.

அதனால் பலகையின் கனத்துக்குத்தான் காடி, பிட்டின் அளவுக்கு இல்லை. 4 மி.மீ. நேர் பிட் போட்டு இரண்டு வரிசையாக வெட்டுங்கள். கனத்தில் பிட்டின் அகலத்தைக் கழித்தால் கைடை (மெஷினில் பொருத்தி, பலகையின் விளிம்பை ஒட்டி ஓடும் தடுப்பு) எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று வந்துவிடும்: 5.5 மி.மீ. பலகைக்கு 1.5.

டிராயரின் நான்கு பக்கப் பலகைகளிலும் கீழ் விளிம்பைப் பென்சிலால் குறித்துவிடுங்கள், கைடு எப்போதும் அந்த விளிம்பில்தான் ஓட வேண்டும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, கைடு வலப்பக்கம் இருக்கும்படி பிடித்து உங்களைவிட்டு முன்னால் தள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரம் சுற்றுகிற திசையில் சுற்றுகிறது, மரம் அதை இடப்பக்கம் தள்ளும், அந்தத் தள்ளலே கைடை விளிம்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். பின்னோக்கி இழுத்தால் மெஷின் கோட்டைவிட்டு விலகி ஓடும். முதல் வரிசை விளிம்புக்குப் பக்கத்தில், இரண்டாவது தள்ளி. மாற்றி வெட்டினால் இரண்டாவது வரிசையில் மெஷின் கையை மீறித் தானே முன்னால் பாயும்.

18 மி.மீ. பக்கப் பலகைக்கு 6 மி.மீ. ஆழம் போதும். அதையும் தடவைக்கு 2 மி.மீ. வீதம் மூன்று தடவையில் இறக்குங்கள், மெல்லிய பிட் அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். ஓரிடத்தில் நிறுத்தினால் மரம் கருகும், சீராகத் தள்ளிக்கொண்டே இருங்கள். நான்கு பலகைகளிலும் முதல் வரிசை முடிந்த பிறகே கைடைத் தொடுங்கள், அப்போதுதான் மூலைகளில் காடி நேராகச் சேரும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இதையெல்லாம் முதலில் ஒரு துண்டுக் கட்டையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பலகை உள்ளங்கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம், கைடை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். சரியாக உட்கார்ந்ததும் அதே செட்டிங்கில் நல்ல பலகைக்குப் போகலாம். பசை தடவும் முன் காடிக்குள் அடைந்த தூளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள், மூலையில் கொஞ்சம் தங்கினாலும் பலகை முழுசாக உட்காராது.