குளிர்காலத்துக்கு முன் பெற்றோருக்கு ஃபுளூ ஊசி: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரிலிருந்து பெற்றோரை அழைப்பித்த குடும்பங்கள், குளிர்கோட்டும் சப்பாத்தும் வாங்குவதில் காட்டும் அவசரத்தை ஃபுளூ தடுப்பூசியில் காட்டுவதில்லை. "தடிமனுக்கெல்லாம் ஊசியா? கொத்தமல்லி அவித்துக் குடித்தால் போச்சு" என்று அப்பா சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆனால் ஃபுளூ எனப்படும் இன்ஃபுளுவென்சா சாதாரணத் தடிமன் அன்று. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் நீரிழிவோ இருதய நோயோ முட்டு வருத்தமோ உள்ளவர்களுக்கு, அது நியூமோனியாவாக முற்றி மருத்துவமனை வரை கொண்டுபோகக்கூடியது.

ஒன்ராறியோவில் ஆறு மாதக் குழந்தை முதல் அனைவருக்கும் இந்த ஊசியை இலவசமாகப் போடும் திட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்; ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பல மருந்தகங்களிலேயே போடுகிறார்கள். சுகாதார அட்டையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பெற்றோர் நீண்டகாலம் தங்கிச்செல்ல வழங்கப்படும் சுப்பர் விசாவில் வந்து அட்டை இல்லாமல் இருப்பவர்களுக்காக, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பிரிவை முதலில் தொலைபேசியில் விசாரிப்பது நல்லது. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கென்றே கூடுதல் வீரியமுள்ள ஊசிவகைகள் உண்டு; அவை இருப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

"போன வருடம் போட்டேனே" என்பது அடுத்த தடை. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், வடகோளத்துக்கான ஊசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் பெப்ரவரியில் பரிந்துரைக்கிறது. பழைய ஊசியின் பாதுகாப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைந்துவிடும். ஊசியே ஃபுளூவைக் கொடுக்கும் என்ற பயத்துக்கும் இடமில்லை, ஏனெனில் கையில் போடும் இந்த மருந்தில் உயிருள்ள வைரஸ் கிடையாது. கை நோவும் இலேசான உடம்பு உளைவும் ஓரிரு நாள் இருக்கலாம். பாதுகாப்பு உருவாக இரண்டு வாரமளவில் ஆகும். அது முழுமையானதும் அன்று, ஆனால் நோய் கடுமையாவதைக் குறைக்கிறது.

போகும்போது ஸ்வெட்டருக்குள் அரைக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். அம்மா சேலையில் வந்தால் தோள்வரை ஏற்றக்கூடிய தளர்வான கை இருக்கட்டும். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்களும், முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்தவர்களும் ஃபுளூ ஊசி போடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். குளிசைப் பெட்டியையே கொண்டுபோனால் பெயர் தேடித் தடுமாற வேண்டியதில்லை. போட்டபின் பதினைந்து நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். அதற்குள் நீங்களும் கையை நீட்டிவிடலாம், ஏனெனில் வீட்டுக்குள் நோயைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் வேலைக்கும் பாடசாலைக்கும் போய்வருபவர்களே.