நேற்று வரை நன்றாக இருந்த பிள்ளை: தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் மனநல, நரம்புக் கோளாறில் பெற்றோர் செய்ய வேண்டியவை

வியாழக்கிழமை பள்ளிக்குப் போய்வந்த பிள்ளை, சனிக்கிழமைக்குள் வேறு ஆளாகிவிடுகிறது. ஓயாமல் கை கழுவுகிறது. சோறு தொண்டையில் சிக்கிவிடும் என்று தட்டைத் தள்ளிவிடுகிறது. அம்மா குளிக்கப் போனால் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றுக்கு ஓடுகிறது. ஒன்பது வயதில் மழலை பேசுகிறது. வீட்டில் ஒருவர் செல்லம் கெடுத்தது என்கிறார், இன்னொருவர் கண்ணேறு என்கிறார். மந்திரிக்கப் போவது உங்கள் விருப்பம். ஆனால் அதே வாரத்தில் குழந்தை மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

காரணம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள், சில பிள்ளைகளில் ஆள் மாறி மூளையின் அடிப்பகுதியில் உள்ள அசைவு, பழக்கம், பயம் ஆகியவற்றை நடத்தும் பகுதியையே தாக்குவதாகக் கருதப்படுகிறது. 1998-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோ குழு இப்படிப்பட்ட 50 பிள்ளைகளைப் பற்றி எழுதி, இதற்குப் பாண்டாஸ் என்று பெயர் வைத்தது. வேறு தொற்றுகளும் காரணமாகலாம் என்பதால் 2012-ல் பான்ஸ் என்ற அகன்ற பெயர் வந்தது. அதற்கான இலக்கணம் இது: திடீரென்று, கடுமையாக, விடாத எண்ணமும் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் வர வேண்டும், அல்லது சாப்பாடு வெகுவாகக் குறைய வேண்டும். கூடவே பதற்றம், அழுகையும் சிரிப்புமாக மாறும் மனநிலை, ஆவேசம், வயதுக்குக் கீழே இறங்கிய நடத்தை, படிப்பில் சரிவு, அசைவு அல்லது புலன் கோளாறு, தூக்கம் அல்லது சிறுநீர்த் தொல்லை ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வேறு நோயால் இவை விளக்கப்படவும் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் நம் ஊரில் முக்கியம். அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாத காய்ச்சல் இங்கே இன்னும் ஒழியவில்லை. அதன் ஒரு முகம் சிடன்ஹாம் கொரியா: கை, கால், முகம் தானாக நெளிந்து துள்ளும். கூடவே காரணமில்லாத அழுகையும் விடாத எண்ணங்களும் வரும். அதே பிள்ளையின் இதய வால்வு சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே "இது பாண்டாஸா?" என்று இணையத்தில் தேடி ஒரு மாதத்தைக் கழிக்கும் முன், "இது கொரியா இல்லை" என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய நான்கு சோதனைகள்

உங்கள் இரண்டு விரல்களைக் குழந்தையின் கையில் கொடுத்து, இறுக்கிப் பிடித்தபடியே இருக்கச் சொல்லுங்கள். கொரியா இருந்தால் பிடி ஒரே சீராக நிற்காது. இறுகும், தளரும், மறுபடி இறுகும். மாட்டில் பால் கறக்கும்போது கை போகிற போக்கு அப்படியே உங்கள் விரலில் தெரியும். அடுத்து நாக்கை நீட்டி பதினைந்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். பல்லி நாக்குபோல உள்ளே ஓடிவிடும். இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னால் மணிக்கட்டு கீழே மடிந்து விரல்கள் பின்னுக்கு வளையும். தலைக்கு மேலே தூக்கச் சொன்னால் உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கண் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று ஒரே அசைவு அச்சு மாறாமல் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் அடக்கவும் முடிந்தால் அது பெரும்பாலும் டிக்ஸ். கொரியாவில் அடுத்த துள்ளல் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. தூங்கினால் நின்றுவிடும். இந்தச் சோதனைகள் சரியாக வந்துவிட்டன என்பதால் மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். லேசான கொரியா தேர்ந்த கண்ணுக்குத்தான் தெரியும்.

காத்திருக்கக் கூடாத நிலை

வலிப்பு, பேச்சு குறைந்துகொண்டே போவது, வாயும் முகமும் மென்றுகொண்டே இருப்பதுபோன்ற அசைவு, சிலைபோல உறைந்து நிற்பது, காய்ச்சலோடு குழப்பம், எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூளை அழற்சியை நினைக்க வேண்டும். 2007-ல் ஜோசப் தல்மாவ் குழு விவரித்த என்.எம்.டி.ஏ. எதிர்ப்புப் பொருள் மூளை அழற்சி முதலில் மனநோய் போலவே தோன்றும். 108-ஐ அழைத்து, குழந்தை நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே போங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலும், தண்ணீர்கூட விழுங்க மறுத்தாலும் அன்றே போக வேண்டும்.

மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய ஒரு தாள்

ஏழு நிமிட ஓ.பி.யில் அழுதுகொண்டே சொன்னால் பாதி விட்டுப்போகும். ஒரு ஏ4 தாள் போதும். தலைப்பில் தொடங்கிய தேதி: "ஆடி மாதக் கடைசியில்" என்று எழுதாமல் நாள், கிழமையோடு எழுதுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்தில் வந்த தொண்டைவலி, காய்ச்சல், மூட்டு வீக்கம், தோலில் வந்த சீழ்ப்புண், ஆசனவாயைச் சுற்றிய சிவப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆறு மாதம் என்பது கூடுதலாகத் தோன்றும், ஆனால் கொரியா தொண்டைப் புண் ஆறி ஒன்றிலிருந்து ஆறு மாதம் கழித்தும் வரும். அதற்குள் தொண்டைவலியே வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. பழைய மருந்துச் சீட்டுகளைத் துழாவிப் பாருங்கள். கொடுத்த மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள், எடை ஆகியவையும் வேண்டும்.

செல்போனில் அரை நிமிட வீடியோ மூன்று எடுங்கள்: விழித்திருக்கும்போது, எழுதும்போது, தூங்கும்போது. ஆவேசத்தில் கத்தும்போது பிள்ளையின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள். அந்த அவமானம் நோய் போன பிறகும் தங்கும்.

எழுதும் நோட்டு உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி. நோய் தொடங்கும் முன் எழுதிய பக்கம் ஒன்றையும் இப்போதைய பக்கம் ஒன்றையும் தேதியோடு எடுத்துவையுங்கள். பிறகு ஞாயிறுதோறும் ஒரே வரியை எழுதச் சொல்லுங்கள்: "அண்ணன் வாழைப்பழம் வாங்கினான்." ண, ன, ழ இவற்றின் சுழிகள் உடைவது, கோணலாவது, வரியை விட்டு மேலேறுவது, இடப்பக்க ஓரம் வரவர உள்ளே தள்ளிப்போவது எல்லாம் அதில் பதிவாகும். அடியில் ஒரு கொசுவர்த்திச் சுருளும் வரையச் சொல்லுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று நான்கு வாரம் கழித்துக் கேள்வி எழும்போது இந்தத் தாள்களை வரிசையாக வைத்தால் பதில் கிடைக்கும்.

சோதனைகளும் அவற்றின் நுணுக்கங்களும்

தொண்டைச் சளிப் பரிசோதனையை ஆன்டிபயாடிக் முதல் வேளை கொடுப்பதற்கு முன் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். முடிவுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தொற்று வந்து மூன்று முதல் ஐந்து வாரத்தில் அது உச்சத்துக்குப் போகும். அதே வகையைச் சேர்ந்த இன்னொரு பரிசோதனையான ஆன்டி டி.என்.ஏஸ் பி அதைவிடத் தாமதம், ஆறு முதல் எட்டு வாரம். ஆய்வகச் சீட்டில் 200-க்குக் கீழ் என்று அச்சிட்டிருக்கும். பள்ளி போகும் பிள்ளைகள் பலருக்கு நோயே இல்லாமல் அதைத் தாண்டி இருக்கும். ஒற்றை எண்ணுக்குப் பொருள் குறைவு. இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளியில் எடுத்த இரண்டு எண்களும், அவற்றுக்கிடையே ஏற்றமும்தான் பேசும். கால்வலிக்கு ஏ.எஸ்.ஓ. பார்த்து, 400 என்று வந்ததற்காகவே ஆண்டுக்கணக்கில் பெனிசிலின் போடுவது தேவையில்லாத ஊசி. மறுபுறம், கொரியா தெளிவாக இருக்கும்போது ஏ.எஸ்.ஓ. சாதாரணமாக இருப்பதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று திரும்பிவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

இதய ஸ்கேனான எக்கோவைக் கேட்டு வாங்குங்கள். வாத காய்ச்சலைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2015-ல் திருத்திய ஜோன்ஸ் அளவுகோல், ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காவிட்டாலும் டாப்ளர் எக்கோ எடுக்கச் சொல்கிறது. அசைவுக் கோளாறு இருந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ், தைராய்டு, தாமிரம் சேரும் வில்சன் நோய் ஆகியவற்றையும் ரத்தத்தில் பார்த்து விலக்குவார்கள். அடிக்கடி சிறுநீர் போனால் சிறுநீர்த் தொற்றும் சர்க்கரையும் முதலில்.

பத்து நாள் என்றால் பத்து நாள்

ஸ்ட்ரெப் தொண்டைக்கு அமாக்சிசிலின் வழக்கமான அளவு கிலோவுக்கு 50 மி.கி., நாளுக்கு அதிகபட்சம் 1,000 மி.கி., பத்து நாள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து. அளவை மருத்துவர் எழுதித் தருவார், ஆனால் பாட்டில் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். 20 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 1,000 மி.கி. என்றால், 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்பில் 20 மி.லி. பத்து நாளைக்கு 200 மி.லி. ஆனால் கடையில் கொடுப்பது 60 மி.லி. பாட்டில் ஒன்று, மூன்றாம் நாள் தீர்ந்துவிடும், அதற்குள் காய்ச்சலும் விட்டிருக்கும், வீட்டில் அதோடு நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே நான்கு பாட்டில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தண்ணீர் கலந்து, தேதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாத்திரை விழுங்கும் பிள்ளையென்றால் இந்தத் தொல்லையே இல்லை.

கொரியா உறுதியானால் அதன்பின் நீண்ட காலத் தடுப்பு ஊசி: பென்சத்தின் பெனிசிலின். 27 கிலோவுக்கு மேல் 12 லட்சம் யூனிட் 21 நாளுக்கு ஒருமுறை, கீழே 6 லட்சம் யூனிட் 15 நாளுக்கு ஒருமுறை என்பது இந்தியக் குழந்தை மருத்துவத்தில் பழகிய கணக்கு. இதயம் தப்பியிருந்தாலும் குறைந்தது ஐந்து ஆண்டு, வால்வு கெட்டிருந்தால் அதைவிட மிக நீண்ட காலம். அது கூழ்போன்ற மருந்து. கலக்கி வைத்துவிட்டு நேரம் போனால் ஊசி அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்த வேண்டிவரும். பிள்ளை படுத்த பிறகு கலக்கச் சொல்லுங்கள், மெதுவாக இரண்டு மூன்று நிமிடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் அழைத்துப் போகாதீர்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அடுத்த ஊசி நாளை நாட்காட்டியில் சிவப்பால் வட்டமிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பே மருந்து இருப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். திடீரென்று கிடைக்காமல் போகிற மருந்து இது.

பாண்டாஸ், பான்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தத் தொடர் ஊசி வேண்டும் என்பதில்லை. ஸ்டீராய்டு, ஐ.வி.ஐ.ஜி. (ரத்தக் குழாய் வழியே ஏற்றும் எதிர்ப்புப் பொருள்) ஆகியவையும் அப்படித்தான். 1999-ல் வந்த ஆய்வு ஐ.வி.ஐ.ஜி.க்கு நல்ல பலன் காட்டியது. 2016-ல் 35 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் அது போலி மருந்தைவிடத் தெளிவாக மேலாக நிற்கவில்லை. லட்சக்கணக்கில் செலவாகும் மருந்து. நகையை அடகு வைக்கும் முன் குழந்தை நரம்பியல், குழந்தை மனநலம் இரண்டு பிரிவும் பார்த்த இடத்தில் முடிவெடுங்கள்: எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்றவை. ஐபுப்ரோஃபென் சிலருக்கு உதவுகிறது, ஆனால் டெங்கு ஓடுகிற மழைக்காலத்தில் காய்ச்சலுக்கு நீங்களாகக் கொடுத்துவிடக் கூடாது. அப்போது பாராசிட்டமால் மட்டும்.

மனநல மருந்து தொடங்கினால் மிகக் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் பிள்ளை உட்கார முடியாமல் அலைந்தாலோ, தூக்கம் இன்னும் கெட்டாலோ அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹாலோபெரிடால் வகை மருந்தில் கழுத்து கோணி, கண் மேலே செருகினால் உடனே மருத்துவமனை. அங்கே கொடுக்கும் முறிவு மருந்தில் சீக்கிரம் சரியாகும்.

வீட்டுக்குள்

"அம்மா, கையில அழுக்கு இருக்கா?"

"இல்லடா."

"நிஜமா இல்லையா?"

இருபது முறை "இல்லடா" சொன்னால் இருபத்தொன்றாவது கேள்விக்குத் தீனி போட்டதாகும். ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும் முதல் வாரங்களில் திடீரென்று பதிலே சொல்லாமல் நிறுத்தினாலும் பிள்ளை உடைந்துவிடும். ஒருமுறை பதில் சொல்லுங்கள். இரண்டாவது முறை, "இது அந்தப் பயம் கேட்கிற கேள்வி. நான் பதில் சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷம் சேர்ந்து பொறுத்துப் பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்காருங்கள். மருந்து பிடிக்க ஆரம்பித்ததும் இரண்டை ஐந்தாக்குங்கள். கை கழுவலுக்குச் சோப்புக் கட்டியை எடுத்துவிட்டுப் பம்ப் பாட்டில் வையுங்கள்: ஒரு கழுவலுக்கு ஒரு அமுக்கு. வெடித்த கைக்குத் தேங்காய் எண்ணெய். பாட்டியும் அப்பாவும் இதே சொற்களைச் சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தால் எல்லாம் அவரிடம் போய்க் குவியும்.

சாப்பாட்டில் சண்டை வேண்டாம். விழுங்கப் பயந்தால் கஞ்சி, மோர், பால், மசித்த பருப்புச் சாதம் என்று வழுக்கிப் போவதைக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிவிடும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் வீட்டு வைத்தியம் முடிந்தது, மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஆவேசம் வரும் நேரத்தில் அறிவுரை ஏறாது. குரலைத் தாழ்த்தி, தம்பி தங்கைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு, அரிவாள்மனையும் கத்தியும் உயரத்தில், மாத்திரை, பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எல்லாம் பூட்டுக்குள். பிள்ளை "செத்துப் போறேன்" என்றால் சும்மா சொல்கிறது என்று விடாமல், "எப்படின்னு யோசிச்சியா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் 14416-ல் தமிழில் பேசலாம்.

பள்ளிக்கு ஒரு கடிதம், அடுத்த தொண்டைவலிக்கு ஒரு திட்டம்

வகுப்பாசிரியருக்கு நோயின் பெயரை விளக்கி நாலு பக்கம் எழுத வேண்டாம். நான்கு வேண்டுகோள் போதும்: கதவோரம் இருக்கை, கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதி, எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்லவோ நோட்டை நகலெடுக்கவோ அனுமதி, வகுப்பில் தொண்டைக் காய்ச்சல் பரவினால் ஒரு போன். மருத்துவர் சான்று ஒன்றைச் சேர்த்துக்கொடுங்கள். நாள் முழுக்க முடியாவிட்டால் முதல் இரண்டு பீரியட் மட்டும் அனுப்புவது, ஒரேயடியாக நிறுத்துவதைவிட நல்லது. திரும்பப் போவதுதான் கடினம்.

மீண்டும் வருவது இந்த நோயின் குணம். அதற்கு மூன்று வரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். திடீர் தொண்டைவலி, விழுங்க வலி, காய்ச்சல், கழுத்துக் கட்டி, ஆனால் இருமலும் மூக்கொழுகலும் இல்லை: அன்றே சளிப் பரிசோதனை. வீட்டில் வேறு யாருக்காவது தொண்டைவலி இருந்தால் அவருக்கும். மிச்சம் வைத்த பழைய சிரப்பைக் கொடுக்காதே.