லார்சாக் டெம்ப்ளர் ஊர்களுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: நான் வழி தவறிக் கற்றுக்கொண்டது

தெற்கு பிரான்சில், மொன்பெல்லியே நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் லார்சாக் என்ற சுண்ணாம்புக்கல் பீடபூமி வரும். சிலுவைப்போர்க் காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த இன்னொரு துறவி வீரர் சபையான ஹாஸ்பிட்டலர்களும் விட்டுப்போன ஐந்து ஊர்கள் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன என்றுதான் விளம்பரத் தாள்கள் சொல்லும். உண்மையில் நான்குதான். ஐந்தாவதன் கதை பின்னால் வருகிறது.

மூன்று முறை போய்விட்டேன். முதல்முறை ஒன்றுமே பார்க்கவில்லை. இரண்டாம் முறை எல்லாவற்றையும் தப்பாகப் பார்த்தேன். மூன்றாம் முறைதான் உருப்படி. நீங்கள் நேராக மூன்றாவதிலிருந்து தொடங்கலாம் என்பதற்காக இந்தப் பதிவு. விசா, கார் வாடகை பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை, அதற்கு ஆயிரம் பதிவுகள் உண்டு.

படி 1: போகும் மாதத்தையும் மணியையும் முடிவு செய்யுங்கள்

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை போங்கள். நான் முதலில் போனது நவம்பரில். ஊர்கள் இருந்தன, காற்று இருந்தது, ஆள் இல்லை, கதவு எதுவும் திறக்கவில்லை. கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரம், மறைக்க மரமும் இல்லை. கீழே மொன்பெல்லியேயில் சட்டையோடு கிளம்பியவன் மேலே போய் ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கினேன்.

அப்புறம் மதியம். கிராமத்து பிரான்சில் 12 மணிக்கு ஷட்டர் இறங்கினால் 2 மணிக்கு முன் ஏறாது. டிக்கெட் கொடுப்பவர், தேவாலயச் சாவி வைத்திருப்பவர், ரொட்டிக் கடைக்காரர், எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆகையால் காலை 10 மணிக்கு முதல் ஊரில் நிற்க வேண்டும். மதியத்துக்கு நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறோம். சாப்பாட்டுக் கடை தேடி அலையாமல் அந்த இரண்டு மணி நேரத்தில் மதிலைச் சுற்றி வரலாம், மதிலுக்கு மதிய உணவு இடைவேளை கிடையாது.

அந்தந்த வருடத்து நேரத்தை மட்டும் லார்சாக் டெம்ப்ளர் ஊர்களுக்கான அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாருங்கள். மற்ற சுற்றுலாத் தளங்களில் பழைய வருடத்து நேரமே தொங்கிக்கொண்டிருக்கும்.

படி 2: வரைபடத்தில் முழுப் பெயரையும் அடியுங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தலைமை ஊரின் பெயர் சேந்த் ஒலாலி த செர்னோன். கைபேசியில் "சேந்த் ஒலாலி" வரை அடித்தேன், அவேரோன் மாவட்டம் என்று காட்டியது, சரி என்று தட்டிவிட்டேன். அதே மாவட்டத்தில் சேந்த் ஒலாலி தோல்ட் என்று இன்னொரு ஊர் லோ நதிக்கரையில் இருக்கிறது. அதுவும் அழகான பழைய ஊர்தான். ஆனால் நாம் போக வேண்டிய ஊர் இல்லை, வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது.

நான்கு ஊர்களில் ஒன்றான லா கவல்ரியைக் கடந்து போனேன். மியோ பாலம் வந்தது. (பலகையில் மில்லோ என்று படிக்கத் தோன்றும். மில்லோ என்று வழி கேட்டபோது எதிரில் இருந்தவர் விழித்தார். உச்சரிப்பு மியோ.) 2004இல் திறந்த பாலம், மிக உயரமான தூண் 245 மீட்டர். மேகத்துக்குள் காரை ஓட்டுவது போல இருக்கும். ரசித்துக்கொண்டே சுங்கம் கட்டினேன். தப்பு நடந்துவிட்டது என்று சுங்கச்சாவடியில்தான் உறைத்தது. திரும்பி வந்து சேர்ந்தபோது மணி 12:10. மேலே சொன்ன ஷட்டர் கதை.

ஆகவே ஒரு சுலபமான விதி: மொன்பெல்லியேயிலிருந்து ஏ750, ஏ75 வழியாக வருகிறவர்கள் எங்கேயும் சுங்கம் கட்ட வேண்டியதில்லை. கட்டினால் தாண்டிவிட்டீர்கள். இந்த ஊர்கள் எல்லாமே பாலத்துக்குத் தெற்கே இருக்கின்றன.

கருவி பற்றி என் கட்சி: இணையம் இல்லாமல் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், கூடவே பிரெஞ்சு அரசின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்-இன் 1:25,000 காகித வரைபடம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். காகிதத்தில் பழைய கிணறு, ஆட்டுக்கிடை, மாட்டுப் பாதை எல்லாம் பெயரோடு இருக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஊர்ப்பெயரில் ஓஸ்பிதாலே என்று வந்தாலே ஹாஸ்பிட்டலர் ஊர் என்று முடிச்சுப் போடாதீர்கள். வழிப்போக்கர் சத்திரத்துக்கும் அதே சொல்தான்.

படி 3: கிளம்பும் முன் நான்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்

1159, 1307, 1312, 1439. இது போதும்.

1159இல் பார்சலோனா கோமகன் ராமோன் பெரெங்கேர், லார்சாக் நிலத்தை டெம்ப்ளர்களுக்குக் கொடுத்தார். 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப் ஒரே நாளில் நாடு முழுவதும் அவர்களைக் கைது செய்தார். 1312இல் போப் ஐந்தாம் கிளெமென்ட் சபையைக் கலைத்துச் சொத்தை ஹாஸ்பிட்டலர்களுக்கு மாற்றினார். 1439இல் ஹாஸ்பிட்டலர்கள் லா கூவெர்த்துவாராத் ஊருக்கு மதில் எழுப்பத் தொடங்கினார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டெம்ப்ளர்கள் இங்கே இருந்தது ஏறக்குறைய 150 ஆண்டு. ஹாஸ்பிட்டலர்கள் பிரெஞ்சுப் புரட்சி வரை, 470 ஆண்டுக்கு மேல். ஆனால் பலகை, பொம்மை வாள், சாவிக்கொத்து எல்லாவற்றிலும் டெம்ப்ளர் பெயர்தான். புதையல், ரகசியம் என்றால் விற்கும், அவ்வளவுதான். நீங்கள் பார்த்து வியக்கப்போகும் கோபுரம், மதில் எல்லாம் பெரும்பாலும் ஹாஸ்பிட்டலர் காலத்தவை. நூறாண்டுப் போரின் கடைசியில் வேலையில்லாத கூலிப்படைகள் ஊர் ஊராகக் கொள்ளையடித்தன. அதற்குப் பயந்து 1440களை ஒட்டிக் கட்டியவை.

படி 4: சேந்த் ஒலாலியில் தொடங்குங்கள், திசைகாட்டியோடு

தெற்கிலிருந்து வரும்போது முதலில் எதிர்ப்படுவது லா கூவெர்த்துவாராத். பலரும் அங்கேயே இறங்கிவிடுவார்கள். இறங்காதீர்கள், தாண்டிப் போங்கள். அது மாலைக்கு.

சேந்த் ஒலாலிதான் லார்சாக் முழுவதற்கும் கொமாந்தரி. கொமாந்தரி என்றால் கோட்டை என்று கற்பனை செய்யாதீர்கள். பண்ணை, களஞ்சியம், கணக்கர் அறை, பிரார்த்தனைக்கூடம் எல்லாம் சேர்ந்த தலைமையகம் அது. இங்கே வளர்ந்த ஆடும் குதிரையும் விளைந்த தானியமும் பணமாகிப் புனித பூமிப் போருக்குப் போயின. இதை ஏன் மேட்டில் வைக்காமல் செர்னோன் ஆற்றுப் பள்ளத்தில் வைத்தார்கள்? மேலே பெய்யும் மழையை எல்லாம் சுண்ணாம்புப் பாறை குடித்துவிடும், அது கீழேதான் ஊற்றாக வெளியே வரும். தண்ணீர் இருக்கும் இடத்தில் அலுவலகம்.

இரண்டாம் முறை வந்தபோது தேவாலய வாசலை ஐம்பது படம் எடுத்து "டெம்ப்ளர் வாசல்" என்று குடும்பக் குழுவில் போட்டேன். மூன்றாம் முறை அக்கா மகளும் கூட வந்தாள், வயது பன்னிரண்டு. உள்ளே போனதும் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றினாள்.

"மாமா, சர்ச்ல பலிபீடம் கிழக்கே இருக்கும்னு வர்ற வழியிலதானே சொன்னீங்க? இங்க மேற்கே இருக்கு."

"உன் போன் கெட்டுப்போயிருக்கும்."

என் போனிலும் மேற்குதான். பிறகு விளக்கப் பலகையைப் படித்தேன். 1641இல் கொமாந்தரிக்குத் தலைவராக இருந்த ஹாஸ்பிட்டலர் ஒருவர் ஊருக்குச் சதுக்கம் அமைத்தபோது, தேவாலயத்தையே முன்பின்னாகத் திருப்பியிருக்கிறார். கிழக்குக் கோடியில், பழைய பலிபீடம் இருந்த வளைவுச் சுவரை உடைத்து வாசல் வைத்தார்கள். நான் படம் எடுத்துத் தள்ளியது டெம்ப்ளர்கள் ஒழிந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் கழித்து வைத்த கதவை. குழுவில் போட்டதை இன்னும் திருத்தவில்லை.

ஆகவே பயிற்சி இது: வாசலுக்கு வெளியே நின்று வளைந்த சுவரைப் பாருங்கள். கதவைச் சுற்றிய கல்லும் சுவர்க்கல்லும் ஒட்டாமல் நிற்பது தெரியும். பிறகு உள்ளே போய்த் திசைகாட்டியைத் திறங்கள். இதை ஒருமுறை செய்துவிட்டால் மற்ற ஊர்களிலும் எது முதலில், எது பிறகு என்று கண் தானே தேடும். எட்டு முனைச் சிலுவை செதுக்கியிருந்தால் அது ஹாஸ்பிட்டலர் வேலை, அதுவும் ஒரு துப்பு.

படி 5: நடுவில் இரண்டு ஊர், விரைவாக

வியாலா து பா த ஜோ: பக்கத்திலேயே மேட்டில் இருக்கிறது. 1430 வாக்கில் ஹாஸ்பிட்டலர்கள் கட்டிய கோபுரக் களஞ்சியம். தானியத்தைப் பூட்டி வைக்கவும், கொள்ளையர் வந்தால் ஊரார் ஏறி ஒளியவும் ஒரே கட்டடம். மேலே ஏறுங்கள், பீடபூமி எவ்வளவு மொட்டை என்று அப்போதுதான் புரியும்.

லா கவல்ரி: பெயரிலேயே குதிரைவீரர் இருக்கிறார்கள். மதில் நடை நன்றாக இருக்கும், அரைமணி நேரம் போதும். ஒன்றைக் கவனியுங்கள். ஊரை ஒட்டி ராணுவ முகாம் இருக்கிறது. 1971இல் அதை விரிவாக்க அரசு முடிவெடுத்தபோது ஆடு வளர்ப்பவர்கள் பத்தாண்டு போராடினார்கள். 1981இல் புதிய அதிபர் மித்தெரான் திட்டத்தைக் கைவிட்டார். முகாம் இன்றும் இயங்குகிறது. ராணுவ நிலம் என்ற பலகை கண்டால் குறுக்குவழி தேடாமல் திரும்பிவிடுங்கள்.

ஐந்தாவதாகச் சொல்லும் சேன் ழான் தல்காஸ் அழகான கோட்டை ஊர், ஆனால் டெம்ப்ளரும் இல்லை ஹாஸ்பிட்டலரும் இல்லை. நோனாங்க் மடத்து சிஸ்டெர்சியக் கன்னியருக்குச் சொந்தமாக இருந்தது. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக் குகைக்குப் போகிறவர்கள் வழியில் எட்டிப்பார்க்கலாம். நேரம் இல்லையென்றால் விடுங்கள்.

படி 6: மாலை 5 மணிக்கு லா கூவெர்த்துவாராத்

சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு போங்கள். ஊருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. சீசனில் வண்டி நிறுத்தவும் மதிலில் ஏறவும் காசு உண்டு. மதில் ஏறத்தான் வேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் முன்னால் வாருங்கள், கடைசி நுழைவு நேரம் என்று ஒன்று இருக்கும்.

மூன்று அடுக்காகப் பாருங்கள். பாறை மேல் டெம்ப்ளர் கோட்டை, 1200ஐ ஒட்டிக் கட்டியது. அதன் பக்கத்தில் ஹாஸ்பிட்டலர் தேவாலயம், பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏற வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் வட்டத் தலை வைத்த கற்கள் நிற்கும். இரண்டையும் வளைத்து 1439இல் தொடங்கிய மதில்.

வீடுகளைத் தவறவிடாதீர்கள். கீழே வளைவுக் கூரை போட்ட ஆட்டுக்கொட்டில், வெளிப்புறக் கல்படி ஏறினால் மனிதர் குடியிருப்பு. ஆட்டின் சூடு மேலே வரும். கூரையும் கல்பலகைதான், ஏனென்றால் உத்தரம் போட மரம் கிடையாது. சில கதவுகளில் பெரிய முள்பூ ஒன்றைக் காயவைத்து ஆணியடித்திருப்பார்கள், கார்தபெல் என்பார்கள். காற்றில் ஈரம் ஏறினால் அதன் இதழ்கள் மூடிக்கொள்ளும், மழை வரப்போகிறது என்று அர்த்தம். நாங்கள் பார்த்தபோது பாதி மூடியிருந்தது. கார் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிட்டோம்.

கடைசியாக மதிலுக்கு வெளியே லவோஞ். கல் பாவிய வட்டமான குட்டை, தட்டு மாதிரி சரிவாக இருக்கும், ஆடுகள் விளிம்பிலிருந்து இறங்கி இறங்கிக் குடிக்கலாம். எனக்குக் கோட்டையைவிட இதுதான் பிடித்தது. வாளும் சிலுவையுமாக வந்தவர்கள் இந்த மேட்டில் ஆண்டு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டது மழைத் தண்ணீருக்காகத்தான்.

பிற்சேர்க்கை 1: கார் இல்லாமல் முடியுமா என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். மியோ வரை பேருந்தில் வரலாம். அங்கிருந்து ஒரே நாளில் இத்தனை கிராமங்களையும் பேருந்தில் பார்ப்பது நடக்காது. மியோவில் தங்கி, அங்கே ஒரு நாளைக்குக் கார் எடுங்கள்.

பிற்சேர்க்கை 2: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போன வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: வியாலா கோபுரமும் மதில் படிகளும் வேண்டாம், சேந்த் ஒலாலி சதுக்கம் சமதளம், நீரூற்றுப் பக்கம் நிழலும் உண்டு. சரியான யோசனை. நான் எழுதியிருக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 3: சேந்த் ஒலாலியில் பழைய தண்டவாளத்தில் மிதிக்கும் ரயில் வண்டி ஓடுகிறது. கோடையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அக்கா மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.