ஒயிட்வாட்டர் கயாக்கிங் கத்துக்கணுமா? முதல்ல கவுந்து பழகுங்க

பாறையில மோதி நுரைச்சுக்கிட்டு ஓடுற ஆத்துல, ஒத்தை ஆளா ஒரு குட்டிப் படகுல உக்காந்து துடுப்பு போட்டுக்கிட்டு போறதுதான் ஒயிட்வாட்டர் கயாக்கிங். வீடியோ பாத்துட்டு வர்றவங்க எல்லாருக்கும் முதல்லயே ரோல் கத்துக்கணும், அதாவது கவுந்த படகை உள்ள இருந்தபடியே நிமித்தணும்னுதான் ஆசை. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா முதல்ல தெரிய வேண்டியது படகை விட்டு வெளிய வர்றதும், வந்ததுக்கு அப்புறம் ஆத்துல எப்படி மிதக்கணும்ங்கிறதும்தான், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

சாமான் விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன், ஆரம்பத்துல எதையும் காசு போட்டு வாங்காதீங்க, கத்துக்குடுக்குறவங்ககிட்டயே இருக்கும். 8, 9 அடி நீளத்துல ரிவர் ரன்னர்னு ஒரு வகை பிளாஸ்டிக் படகு இருக்கு, அதுதான் புதுசா வர்றவங்களுக்கு ஏத்தது. ஏரிக்கும் கடலுக்கும் போற நீளப் படகு நேரா போறதுக்குன்னே செஞ்சது, பாறைக்கு நடுவுல டக்குன்னு திரும்பாது. பேடில், அதாவது துடுப்பு, 190லிருந்து 200 சென்டிமீட்டர். ஹெல்மெட் நெத்தியை மறைக்கணும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுட்டு தோள் பட்டையை யாராவது மேல தூக்கிப் பாக்கட்டும், காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது லூஸு. துணி, வெயிலைப் பாத்து இல்ல, தண்ணியோட குளிரைப் பாத்து போடணும், காட்டன் வேண்டாம், செருப்பும் வேண்டாம், கழண்டு போகாத மூடுன ஷூ போதும்.

ஸ்டெப் 1: கவுந்து வெளிய வர்றது

இதை ஓட்டமே இல்லாத தண்ணியில, இடுப்பளவு ஆழத்துல, பக்கத்துல ஒருத்தரை நிக்க வெச்சுக்கிட்டு பண்ணுங்க. படகு வாயை மூடுறதுக்கு இடுப்புல ஸ்ப்ரே ஸ்கர்ட் மாட்டுவோம், அதோட முன்பக்கத்துல ஒரு லூப் இருக்கும். அந்த லூப் வெளிய தெரியுதான்னு ஒவ்வொரு தடவையும் கையால தொட்டுப் பாருங்க, உள்ள மாட்டிக்கிட்டா தண்ணிக்கடியில தேடிக்கிட்டு இருக்கணும்.

கவுந்ததும் முன்னாடி குனிஞ்சு மூஞ்சியை படகு மேல ஒட்ட வெச்சுக்கணும், ஆத்துல அப்படி இருந்தாதான் பாறை மூஞ்சியில அடிக்காது. ரெண்டு கையாலயும் படகோட அடிப்பக்கத்தை மூணு தட்டு தட்டுங்க. இது எதுக்குன்னா பதட்டம் அடங்குறதுக்கும், பக்கத்துல இருக்குறவங்க கவனிக்கிறதுக்கும்தான். அப்புறம் லூப்பை முதல்ல முன்பக்கமா தள்ளி அப்புறம் இழுங்க, ஸ்கர்ட் கழண்டுடும். இடுப்புக்கு ரெண்டு பக்கமும் கை வெச்சு, பேன்ட் கழட்டுற மாதிரி படகை காலைவிட்டு தள்ளுங்க. முதல் தடவை நான் பயத்துல பின்னாடி சாஞ்சேன், அப்படி சாஞ்சா தொடை ரெண்டும் படகுக்குள்ள இறுகிக்கும், மூக்குல பாதி ஆறு ஏறுனதுக்கு அப்புறம்தான் குனியணும்னு ஞாபகம் வந்துச்சு. ஒரே நாள்ல பத்து தடவையாவது பண்ணுங்க, அலுத்துப் போகணும், அலுத்துப் போச்சுன்னா பயம் போயிடுச்சுன்னு அர்த்தம்.

ஸ்டெப் 2: ஓட்டத்துல நீந்துறது

ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லுவாங்க. இங்க ஆழம் தெரிஞ்சாலும் விடக்கூடாது! ஓடுற தண்ணியில எழுந்து நிக்கப் பாத்தீங்கன்னா, கால் பாறை இடுக்குல மாட்டிக்கும், பின்னாடி இருந்து தண்ணி உடம்பை அமுக்கிடும், இடுப்பளவு தண்ணியிலயே தலையைத் தூக்க முடியாம போயிடும். தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா அது தள்ளுற பலம் நாலு மடங்காகும், அதனால நம்ம தெம்பை நம்பி நிக்கக்கூடாது. மல்லாக்கப் படுத்து, காலை ஓட்டம் போற திசைக்கு நீட்டி, கால் விரல் தண்ணிக்கு மேல தெரியுற மாதிரி மிதந்து போங்க. கரை ஒதுங்க வாய்ப்பு கிடைச்சா குப்புறப் புரண்டு வேகமா நீந்திடணும், இனிமே நீந்தவே முடியாதுங்கிற அளவுக்கு தண்ணி கம்மியானதும் எழுந்தா போதும்.

ஓட்டம் போற பக்கமா உங்க படகுக்கு முன்னாடி எப்பவும் போகாதீங்க, தண்ணி நிறைஞ்ச படகு உங்களையும் பாறையையும் சேத்து நசுக்கும். கரையில இருந்து கயிறு வீசுனா, கயிறு தோள் மேல வர்ற மாதிரி நெஞ்சோட புடிச்சுக்கிட்டு மல்லாந்துக்கோங்க, ஆனா கயிறை கையில சுத்தவே சுத்தாதீங்க.

ஸ்டெப் 3: எடி

எனக்கு இந்த விளையாட்டுல ரொம்பப் புடிச்சது இதுதான். பெரிய பாறைக்குப் பின்னாடி தண்ணி லேசா ஓட்டத்துக்கு எதிர்த்திசையில பாறையைப் பாத்துத் திரும்பி வரும், அந்த அமைதியான இடத்துக்குப் பேர் எடி. மூச்சு வாங்க, அடுத்து என்ன இருக்குன்னு பாக்க, கூட வர்றவங்களுக்காகக் காத்திருக்க, எல்லாத்துக்கும் அதுதான் திண்ணை. அதுக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல இருக்குற கோட்டுலதான் புதுசா வர்றவங்க எல்லாரும் கவுறுவாங்க, ஏன்னா படகோட மூக்கு ஒரு திசைக்கும் வால் ஒரு திசைக்கும் இழுபடும்.

எடிக்குள்ள போறப்போ பாறைக்குக் கிட்டக்க, நல்ல வேகத்தோட, சாய்வா அந்தக் கோட்டை வெட்டுங்க, சைக்கிள்ல வளையுற மாதிரி திரும்புற பக்கமா படகைச் சாய்ங்க. வெளிய வர்றப்போ மூக்கு ஓட்டம் வர்ற திசையைப் பாத்து சாய்வா இருக்கணும், தண்ணி வர்ற பக்கத்து விளிம்பை முழங்காலால தூக்கிக்கிட்டு ஓட்டம் போற பக்கமா சாயணும். அந்த விளிம்பு தாழ்ந்துச்சுன்னா தண்ணி மேல ஏறி ஒரே செகண்டுல கவுத்துடும். பாறையில பக்கவாட்டா மோதுனாலும் இதே கதைதான், பயந்து விலகாம பாறை பக்கமா சாஞ்சு அதைக் கட்டிப் புடிச்சுக்கணும்.

எந்த ஆறு, யாரோட

ஆத்தை கிளாஸ் 1லிருந்து 6 வரைக்கும் பிரிச்சிருக்காங்க, 1 ரொம்ப சுலபம், 6 ரொம்பக் கஷ்டம். நீங்க 1, அப்புறம் 2. மழை பெஞ்சு தண்ணி ஏறுச்சுன்னா நேத்து 2ஆ இருந்தது இன்னைக்கு 3 ஆயிடும், அதனால போன வாரம் போனோமேன்னு இறங்காதீங்க. தனியா வேண்டவே வேண்டாம், கொறஞ்சது மூணு படகு. பேடிலை செங்குத்தா தூக்குனா வா, படுக்கையா புடிச்சா நில்லு, விசில் மூணு தடவைன்னா ஆபத்து.

ரெண்டு இடத்தை தூரத்துலயே பாத்துக்கணும். ஒண்ணு, விழுந்து கிடக்குற மரம், கிளை வழியா தண்ணி போயிடும், நம்ம மாட்டிக்குவோம், வடிகட்டி மாதிரி. ரெண்டாவது தடுப்பணை, பாக்க சின்னதா அழகா இருக்கும், ஆனா கீழ விழுற தண்ணி திரும்பத் திரும்ப உள்ளயே இழுக்கும், கரை ஏறி படகைத் தூக்கிட்டு நடந்து போங்க, கௌரவம் பாக்காதீங்க.

கடைசியா ரோல்

நண்பரோட படகு மூக்கையோ குளத்து ஓரத்தையோ புடிச்சுக்கிட்டு, கையால அமுக்காம இடுப்பை மட்டும் வெட்டி படகை நிமித்திப் பழகுங்க. தலை கடைசியாத்தான் வெளிய வரணும், மூச்சுக்குப் பயந்து எல்லாரும் தலையைத்தான் முதல்ல தூக்குவாங்க, தூக்குனதும் படகு மறுபடி கவுந்துடும். அமைதியான தண்ணியில நல்லா வர்ற ரோல் ஆத்துல வராம போறது சாதாரணம். ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணியும் வரலையா, லூப்பை இழுத்துட்டு வெளிய வந்துடுங்க, படகை அப்புறம் புடிச்சுக்கலாம்.